வெர்லீன் நின்றுகொண்டு அடித்த டிரம்

பாட்டு சூடு பிடித்திருந்த நேரத்தில்தான் அந்த வெள்ளைத் துணி வெர்லீன் டாலிவரின் முழங்கால்மேல் வந்து விழுந்தது. விழுந்தது என்ன, போட்டார்கள். முன்வரிசையில் உட்காரும் பெண்கள் கால் தெரியாதபடி விரித்துக்கொள்கிற மடித்துணிதான் அது. எங்கள் கிலேயாத் சபையில் எந்தப் பெண்ணுக்கும் அது புதிதல்ல. ஆனால் டிரம் வாசித்துக்கொண்டிருக்கிற ஒருத்தியின் மேல், அதுவும் முப்பது பேர் பரிசுத்த ஆவியில் நிறைந்து ஆடிக்கொண்டிருக்கிற வேளையில், யாரும் அதைப் போட்டதில்லை. துணியின் முனை பெரிய டிரம்மின் பெடலில் சிக்கியது. வெர்லீனின் வலது கால் நின்றது. கூடவே தாளமும் நின்றது. ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் பியானோவைப் பிடித்துக்கொண்டார்.

துணியைப் போட்ட பெண் குனிந்து காதில் சொன்னாள்: "மன்னிச்சுக்குங்க சிஸ்டர். அம்மாதான் போடச் சொன்னாங்க."

அம்மா என்றால் டெல்ஃபியா அம்மா. சபைப் பெண்களுக்கெல்லாம் தலைவி. எழுபது வயது, வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி, மேடையின் வலதுபக்கம் தனி நாற்காலி. வெர்லீன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். டெல்ஃபியா அம்மா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்.

பதினொரு வருடம் வெர்லீன் அந்த டிரம்மை வாசித்திருக்கிறாள். சபை ஒரு பழைய கோழிக்கடையில் கூடிய நாளிலிருந்து. அப்போது மேடை கிடையாது. எல்லோரும் ஒரே தரையில்தான். பியானோவுக்குப் பின்னால் அவள் எப்படி உட்கார்ந்தாள் என்று யாருக்குத் தெரியும். அந்த 1953ஆம் வருடம்தான் சபை நாற்பத்து மூன்றாம் தெருவில் மேஜை நாற்காலி விற்ற பெரிய கடையை வாங்கியது. உள்ளே இடுப்பளவு உயரத்தில் மேடை கட்டினார்கள். தெருப்பக்கம் முழுவதும் கண்ணாடி. வெளியே பஸ்ஸுக்கு நிற்கிற ஆண்கள் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு மேடையைப் பார்க்கலாம். கால்களுக்கு நடுவே டிரம்மை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாற்பத்தாறு வயதுப் பெண்ணையும் பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை பெண்கள் கூட்டத்தில் டெல்ஃபியா அம்மா அதைத்தான் எடுத்தார்.

"நான் உன்மேல குத்தம் சொல்லல மகளே. இனிமே மேடையில எந்தப் பொண்ணும் டிரம்முக்கு முன்னாடி உக்காரக் கூடாது. அவ்வளவுதான். பிரதர் ஹோபார்ட் வாசிக்கட்டும். ஊர்வல பாண்டுல வாசிச்சவர்தானே."

"ஹோபார்ட் நடக்கறதுக்கு வாசிச்சவர் அம்மா," என்றாள் வெர்லீன். "நாம இங்க நடக்கறதில்ல."

இரண்டு பெண்கள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"தெருவுல நிக்கிற ஆம்பளைங்க பேசற பேச்சு உன் காதுல விழல. என் காதுல விழுது. மிசிசிப்பியில இருந்தப்ப நான் எத்தனை பொண்ணுங்களுக்குப் பாவாடையில ஒட்டுப் போட்டு நீளமாக்கித் தந்திருக்கேன் தெரியுமா? எதுக்கு? நாலு பேர் பார்வையிலிருந்து காப்பாத்தத்தான்."

"அப்படின்னா கண்ணாடிக்குத் திரை போடுங்க. எனக்குப் போடாதீங்க."

டெல்ஃபியா அம்மா மேஜைமேல் இருந்த வேதப்புத்தகத்தை நேராக எடுத்து வைத்தார். சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் வைத்தார்.

"சரி, டிரம்மையாவது என் வீட்டுக்குக் கொடுங்க," என்றாள் வெர்லீன். "நாலு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை கோழி வறுத்து வித்து வாங்கினது. எண்ணெய் தெறிச்ச தழும்பு இன்னும் கையில இருக்கு."

"அது சபைச் சொத்து. கோழியும் சபைக்காகத்தான் வறுத்த."

"அப்ப நான் நின்னுக்கிட்டு வாசிச்சா?"

டெல்ஃபியா அம்மா சிரித்தார். உட்காராமல் யார் டிரம் வாசிக்க முடியும் என்ற நம்பிக்கையில் வந்த சிரிப்பு. "நின்னு வாசி மகளே, யார் வேண்டாம்னாங்க? கர்த்தருக்கு முன்னாடி நிக்கிறவளை நான் தடுப்பேனா? இத்தனை பேர் முன்னாடி சொல்றேன்."

மூன்று வாரத்தில் புதுக் கட்டடத்தின் பிரதிஷ்டை. பிஷப் வருகிறார். அன்றைக்கு வாசிக்காவிட்டால் அதற்கப்புறம் என்றைக்கும் வாசிக்க முடியாது என்று வெர்லீனுக்குத் தெரியும். ஹோபார்ட் அந்த முக்காலியில் ஒரு பிரதிஷ்டை உட்கார்ந்துவிட்டால் சாகும்வரை அங்கேதான்.

வீட்டுக்குப் போகும் வழியில் பாஸ்டர் ஸ்டாலிங்ஸைப் பார்த்தாள். நல்ல மனிதர், இரக்கமானவர், ஒரு பூனையைக்கூட விரட்டமாட்டார். வெர்லீனுக்கு வேண்டியிருந்தது விரட்டுகிற ஆள்.

"சிஸ்டர், பெண்கள் காரியத்துல நான் தலையிடறதில்லையே," என்றார் அவர். "ஜெபம் பண்ணுங்க. நானும் பண்றேன்."

"நீங்க என்னன்னு பண்ணுவீங்க பாஸ்டர்?"

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

வெர்லீனின் கணவன் கிளியோபஸ் சபைக்கு வருகிற ஆள் இல்லை. ஒரு மதுக்கடையில் காலை வேளையில் தரை துடைக்கிற வேலை. அதைப் பற்றி இருபது வருடமாக அவள் அவனுக்காக ஜெபம் செய்கிறாள். அவனும் இருபது வருடமாக அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறான். அன்று அவள் சோளரொட்டி மாவைக் கிண்டிய வேகத்தில் பாத்திரம் மேஜையிலிருந்து நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டது.

"வெர்லி, அந்த மாவு உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கிளியோ கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நின்னு வாசிக்கற டிரம் இருக்கே. எங்க கடையில தினமும் அதைத்தான் நகர்த்தித் துடைக்கிறேன்."

"பொய் சொல்லாத கிளியோ. நான் சிரிக்கிற மனநிலையில இல்ல."

"நிஜம்டி. எங்க கடையில வாத்தியக்காரங்க நிக்கிறது பாருக்குப் பின்னாடி, பாட்டில் அடுக்கற பலகை மாதிரி ஒரு மேடையில. அங்க முழு டிரம் செட்டு வைக்க இடம் ஏது? அதனால ஒரே டிரம்தான். உயரமா, மூணு கால்ல நிக்கும். மேல தோலை ரெண்டு கையால அடிப்பான். கீழ்த் தோலை ஒரு பெடலு மேல நோக்கி இடிக்கும். மேல சின்ன டிரம், கீழ பெரிய டிரம், எல்லாம் ஒண்ணுலயே. காக்டெயில் டிரம்னு பேரு."

அந்தப் பெயரைக் கேட்டதும் வெர்லீன் மாவுக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "பின்வாசலுக்குக் கொண்டுவர முடியுமா?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் அந்தக் கடையின் பின்சந்தில் நின்றாள். தான் சட்டை தேய்க்கிற லாண்டரியில் பல்வலி என்று பொய் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்டு வந்திருந்தாள். வாசற்படியைத் தாண்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கிளியோ டிரம்மை வாசல்வரை இழுத்து வந்து நிறுத்தினான். அவள் வெளியே சந்தில் மண்டியிட்டு, கழுத்தை வளைத்து, அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். தலைத்துணியைக் கழற்றி உயரம் அளந்து முடிச்சுப் போட்டாள், அகலத்துக்கு இன்னொரு முடிச்சு. காலை வெயிலில் சாராய நாற்றம் உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. சந்து முனையில் எங்கள் சபைப் பெண் ஒருத்தி ரொட்டிப் பையோடு நடந்து போனதை அவள் கவனிக்கவில்லை.

புதிது வாங்க வழியில்லை. வாங்கினாலும் அதைத் தொடமாட்டாள். "சாராயக்காரனுக்குச் செஞ்சது எனக்கு வேண்டாம்," என்றாள் கிளியோவிடம். "எனக்கு நானே செஞ்சுக்கறேன்."

மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் ஒரு பழைய சாமான்காரர் கோட்டுக்குள் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய வண்டியில் பள்ளிக்கூடப் பாண்டு வாத்தியத்தின் இரண்டு டிரம் கிடந்தன.

"ரெண்டும் உடைசல்மா, முன்னாடியே சொல்லிடறேன். ஒண்ணுக்கு மேல்பக்கம் போச்சு, ஒண்ணுக்கு அடிப்பக்கம் போச்சு."

"எங்க சபை மாதிரி," என்றாள் வெர்லீன்.

அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். கிழிந்த பெரிய கன்றுத்தோல் ஒன்றையும், ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு சிம்பல் தட்டையும் கூட வைத்துக் கட்டிக் கொடுத்தார். இரண்டு டிரம்மையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். "எந்த ஊர்வலம்மா?" என்று கேட்டார் ஓட்டுநர். ஊர்வலம் என்ற வார்த்தையே அன்று அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரே அறை வீடு. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தால்தான் வேலை செய்ய இடம். ஒரு டிரம்மின் கெட்ட மேல்பக்கத்தை அறுத்தாள், இன்னொன்றின் கெட்ட அடிப்பக்கத்தை அறுத்தாள், நல்லது இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒட்டினாள். மூட்டுக்குள்ளே பிஸ்கட் டப்பாத் தகரத்தை வளையமாக வெட்டி ஆணியடித்தாள். வெளியே கிளியோவின் பழைய இடுப்பு வார் இரண்டு. லாண்டரியில் சட்டைக்கை தேய்க்கிற பலகை ஒன்று உடைந்து மூலையில் கிடந்தது. மேஸ்திரியிடம் கேட்டு அதன் மூன்று இரும்புக் கால்களையும் வாங்கி வந்தாள். ஒவ்வொரு அறுப்புக்கும் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் என்று நினைத்துக் கிளியோ சத்தம் போடாமல் இருந்தான். பிறகு காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டான். "திரை போடுங்க. கண்ணாடிக்குத் திரை போடுங்க," என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேல்தோல் பள்ளிக்கூட டிரம்மிலேயே நன்றாக இருந்தது. அதன் கீழே பழைய கம்பிச் சுருளை இழுத்துக் கட்டினாள், கரகரவென்று பேசுவதற்கு. அடித்தோலுக்குக் கிழிந்த பெரிய தோலில் கிழியாத பாகத்தை வட்டமாக வெட்டி, பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊறவைத்து, கரண்டிக் காம்பால் வளையத்துக்குள் செருகினாள். அடுப்புப் பக்கம் காயவைத்தால் சுருங்கிக் கிழியும். ஜன்னலோரம் இரண்டு நாள் வைத்தாள். அந்த இரண்டு நாளும் கிளியோ முகம் கழுவப் பக்கத்து வீட்டுக்குப் போனான்.

பெடல் அவளே யோசித்துச் செய்தது. லாண்டரி இஸ்திரி இயந்திரத்தில் இருக்கிற மாதிரி நீளப் பலகை, அதன் நடுவில் அச்சாக ஒரு குழாய். முன்னால் மிதித்தால் பின்முனை டிரம்முக்கு அடியில் மேலே எழும்பும். முனையில், கிழிந்த காலுறைக்குள் வைத்துத் தைக்கிற முட்டை வடிவக் கட்டை, அதன்மேல் இஸ்திரி மெத்தையிலிருந்து வெட்டிய கம்பளி. திரும்பி இழுக்க ஒரு ஸ்பிரிங். எல்லாவற்றையும் பூட்டி, பாவாடையைச் சரிசெய்து, நேராக நின்று மிதித்தாள்.

பொத் என்றது.

இன்னொரு தடவை மிதித்தாள். பொத். மெத்தையில் யாரோ குத்துகிற மாதிரி.

"தோலு சரியில்ல," என்றாள்.

"தோலு நல்லாத்தான் இருக்கு," என்றான் கிளியோ. "விரலால தட்டினேன், மணி மாதிரி கேக்குது."

"கட்டை சரியில்ல அப்ப."

"கத்தாத வெர்லி. மேல்வீட்டுக்காரன் இறங்கி வந்துடுவான்."

"வரட்டும். அவனும் ஒரு துணி கொண்டு வந்து என்மேல போட்டுட்டுப் போகட்டும்."

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை லாண்டரியில் இயந்திரத்தின் முன் நின்று, சட்டையை விரித்து, பெடலை மிதித்தபோதுதான் தெரிந்தது. மேல்தட்டு இறங்கியது. அவள் கால் பெடலிலேயே இருந்தது. நீராவி வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பதினாறு வருடம் நாளைக்கு முந்நூறு சட்டை அப்படித்தான். உட்கார்ந்து டிரம் வாசிக்கையில் அந்தக் கால் டிரம்காரியின் கால். நின்றால் அது லாண்டரிக்காரியின் கால். மிதிக்கிறது, விடமாட்டேன் என்கிறது. முட்டைக் கட்டை தோலை இடித்துவிட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டு சத்தத்தை அமுக்கிவிடுகிறது.

மிதித்தவுடனே காலை எடுக்கப் பழகிப் பார்த்தாள். அன்று அவள் தேய்த்த சட்டைகள் ஈரமாகவே போயின.

"வெர்லீன், இதென்ன சட்டையா, மீனா?" என்றார் மேஸ்திரி, ஒன்றைத் தூக்கிக் காட்டி.

இரண்டு நாள் முயன்றும் கால் திருந்தவில்லை. அவளுக்கு வந்த கோபத்தில் தன் காலையே திட்டினாள். பிறகு அந்தக் கோபத்திலேயே ஒரு யோசனை வந்தது: கால் மாறாவிட்டால் பெடல் மாறட்டும். பீரோவிலிருந்து, இடுப்பை இறுக்கிக் கட்டுகிற தன் உள்பாடியை எடுத்து, முன்பக்கம் வைத்துத் தைத்திருக்கிற நீளமான எஃகுப் பட்டையைப் பிரித்தெடுத்தாள். பலகையின் முனைக்கும் முட்டைக் கட்டைக்கும் நடுவில் அதைப் பொருத்தினாள். பலகை தோலுக்கு ஓர் அங்குலம் கீழேயே நின்றுவிடும்படி ஒரு கட்டை வைத்தாள். இப்போது மிதித்தால் பலகை நிற்கும், எஃகு சொடுக்கும், முட்டை தாவி இடித்துவிட்டுத் தானாகவே கீழே வந்துவிடும். கால் எத்தனை நேரம் அழுத்திக்கொண்டிருந்தாலும் கவலையில்லை.

மிதித்தாள். ஜன்னல் அதிர்ந்தது. கிளியோவின் கையிலிருந்த காப்பிக் கோப்பையில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது.

"உள்பாடியில இவ்வளவு வேகம் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே," என்றான் அவன்.

அந்த வாரத்தில் முதல்தடவையாக அவள் சிரித்தாள். ஆனால் சிரிப்பு முடிந்ததும் முகம் மறுபடி பழையபடி ஆகிவிட்டது.

பிரதிஷ்டைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் டிரம்மைச் சபைக்குக் கொண்டு போனாள். ஒரு கையில் டிரம், இன்னொரு கையில் கால்களும் பெடலும். பெண்கள் மேடையில் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் இன்னும் திரை இல்லை. பாஸ்டரும் டெல்ஃபியா அம்மாவும் வந்து நின்றார்கள்.

"இது சாராயக்கடை டிரம்," என்றார் டெல்ஃபியா அம்மா, பார்த்தவுடனே.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? அங்க அது பாருக்குப் பின்னாடி இருக்கும். தெருவிலிருந்து தெரியாது."

பூ வைத்த கைகள் நின்றன. டெல்ஃபியா அம்மாவின் முகம் இறுகியது.

"எனக்குச் சொல்ல ஆள் இருக்கு. நீ அந்தக் கடையோட பின்வாசல்ல மண்டியிட்டிருந்தியாமே. இங்க மண்டியிடற பொண்ணு, அங்கயும் மண்டியிடறா."

வெர்லீன் டிரம்மைக் கீழே வைத்தாள். "நான் வாசற்படியைத் தாண்டல. கர்த்தருக்குத் தெரியும். இதுல எது அங்கிருந்து வந்ததுன்னு சொல்லுங்க. இது பள்ளிக்கூடத்து டிரம். இது லாண்டரி கால். இது என் தையல் கட்டை. இந்தப் பட்டை எதிலிருந்து எடுத்தேன்னு பாஸ்டர் முன்னாடி சொல்லமாட்டேன், பொண்ணுங்க வந்து பார்த்துக்கட்டும். இந்த ஸ்பிரிங்..." அவள் நின்றாள். அவளுக்குப் பொய் வராது. "இந்த ஸ்பிரிங் மட்டும் கிளியோ கொண்டுவந்தது. அந்தக் கடையோட உடைஞ்ச கொசுவலைக் கதவிலிருந்து."

"பார்த்தீங்களா பாஸ்டர்," என்றார் டெல்ஃபியா அம்மா.

"இப்பவே கழட்டிட்டு வேற போடறேன்."

"வேண்டாம். நின்னு ஊழியம் செய்யத்தான் சொன்னேன். சாராயம் ஊத்தற இடத்துச் சாமான் மாதிரி ஒண்ணைக் கொண்டுவந்து பிஷப் முன்னாடி மேடையில வைக்கச் சொல்லல. இது மேடை ஏறாது."

வெர்லீன் பாஸ்டரைப் பார்த்தாள். பாஸ்டர் பூக்களைப் பார்த்தார்.

அவள் வீட்டுக்குப் போனதும் ஸ்பிரிங்கைக் கழற்றிக் குப்பையில் போட்டு, கட்டில் ஸ்பிரிங் ஒன்றை வெட்டிப் பூட்டினாள். மண்டியிட்டு ஜெபம் செய்யப் பார்த்தாள். "ஆண்டவரே" என்றதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அந்த ஒரு வார்த்தையையே கொஞ்ச நேரம் சொல்லிவிட்டு எழுந்தாள். கோபத்தோடு ஜெபம் செய்யக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கோபம் போகாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய், நான்காவது வரிசையில் நடைபாதை ஓரமாக இருந்த மடக்கு நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். அந்த இடத்தில் டிரம்மை நிறுத்தி, வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்தி, பின்னால் நின்றாள். வாசலில் நிற்கிற பெண் வந்து, "சிஸ்டர், இங்க வைக்கக் கூடாதே," என்றாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு நாற்காலி இடம் உண்டா இல்லையா?"

"உண்டு."

"நான் உக்காரல. அவ்வளவுதான்."

கட்டடம் நிரம்பியது. சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். பிஷப் ஜெபித்தார், வசனம் வாசித்தார், கட்டடத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். பாட்டு தொடங்கியது. ஹோபார்ட் மேடையில் கோழி வறுத்து வாங்கின டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து, கவனமாக, தப்பில்லாமல் வாசித்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் தாளத்தில் எல்லாக் காலும் இடது வலது என்று தெருவில் போயிற்றே தவிர மேலே எழும்பவில்லை. பியானோ முந்தியது. கைதட்டல் ஒரு பக்கம் போனது, டிரம் ஒரு பக்கம் போனது. ஆட எழுந்தவர்கள் இரண்டு அடி வைத்துவிட்டு, ஆற்றுக்கு நடுவில் பாலம் முடிந்துபோன மாதிரி நின்றார்கள். ஹோபார்ட்டின் நெற்றியில் வியர்வை ஓடியது.

வெர்லீன் விரிப்பை எடுத்தாள். மிதித்தாள்.

அந்த இடி தரை வழியாக வந்தது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். நாற்காலிக் கால்களில் ஏறியதாம். இரண்டாவது இடிக்குப் பியானோ அவள் பக்கம் வந்துவிட்டது. நான்காவதுக்குக் கைதட்டல் முழுவதும் வந்துவிட்டது. ஹோபார்ட் குச்சியை மெதுவாக மடியில் வைத்தார். மேல்தோல் கரகரவென்று பேச, அடித்தோல் இடித்துக்கொண்டே போக, இடையிடையே, டிரம்மின் ஓரத்தில் மாட்டியிருந்த வெட்டுப்பட்ட சிம்பல் ஓட்டைப் பானைபோலக் கத்தியது. வழக்கத்தைவிட வேகமாக வாசித்தாள். பதினொரு வருடத்தில் இவ்வளவு வேகமாக வாசித்ததில்லை.

டெல்ஃபியா அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். மேடைப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு நடைபாதையில் வந்தார். வெர்லீன் வாசிப்பதை நிறுத்தவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை. டெல்ஃபியா அம்மா டிரம்முக்கு எதிரே வந்து நின்று, வலது கையை விரித்து மேல்தோலின்மேல் பதித்து அமுக்கினார்.

மேல்சத்தம் அடங்கியது. வெர்லீன் குச்சிகளை உயர்த்தி அப்படியே பிடித்துக்கொண்டாள். ஆனால் அடியில் தாளம் நிற்கவில்லை. உள்பாடி எஃகு சொடுக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இடியும் ஒட்டுப்போட்ட மரத்துக்குள் ஏறி வந்து டெல்ஃபியா அம்மாவின் உள்ளங்கையைத் தூக்கிப் போட்டது. அதை நிறுத்த வேண்டுமானால் அவர் தரையில் குனிந்து வெர்லீனின் காலைப் பிடிக்க வேண்டும். ஜனங்கள் சுற்றிலும் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். கை அங்கேயே இருந்தது, ஒரு பாட்டின் பாதியளவு நேரம். பிறகு எடுத்துவிட்டார். குச்சிகள் இறங்கின.

ஆராதனை ஒரு மணி நேரம் தாமதமாக முடிந்தது. பிஷப் கீழே வந்து ஹோபார்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எவ்வளவு வல்லமையா வாசிச்சீங்க பிரதர். இப்படி நான் கேட்டதே இல்ல."

"நான் இல்லைங்க ஐயா," என்றார் ஹோபார்ட். "அந்தச் சிஸ்டர்தான்."

ஆனால் பிஷப் அதற்குள் அடுத்தவர் கையைப் பிடித்துவிட்டார்.

வெர்லீன் அதைப் பார்த்துக்கொண்டே பெடலைக் கழற்றினாள். பெண்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட்டம் குறைந்தபின் டெல்ஃபியா அம்மா வந்தார். கையை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஆவியானவர் உன்னைப் பயன்படுத்தினார் மகளே. அதை நான் மறுக்க முடியாது."

இத்தனை நாள் அந்த வாயிலிருந்து வராதா என்று வெர்லீன் காத்திருந்த வார்த்தை அது. தலையை ஆட்டியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"ஜனங்களுக்கு யார் வந்தாங்களோ எனக்குத் தெரியாது அம்மா," என்றாள். "ஆனா வாசிச்சது நான். கோபத்துலதான் வாசிச்சேன். இப்பவும் கோபமாத்தான் இருக்கேன்."

டெல்ஃபியா அம்மா ரொம்ப நேரம் அவளைப் பார்த்தார். பிறகு, "புதன்கிழமை ஜெபக்கூட்டம் ஏழு மணிக்கு," என்றார். "ஹோபார்ட்கிட்ட நான் பேசிக்கறேன். இதை மேடையில வைக்கச் சொல்றேன்."

"மேடை வேண்டாம். நான் இங்கயே நிக்கிறேன்."

"சரி, இங்கயே நில்லு. டிரம்மையாவது விட்டுட்டுப் போ. எதுக்குச் சுமந்துக்கிட்டு?"

"இது சபைச் சொத்து இல்ல அம்மா."

ஹோபார்ட் ஓடிவந்து, பஸ் வரைக்கும் தூக்கி வருகிறேன் என்றார். வேண்டாம் பிரதர் என்றாள். ஒரு கையில் டிரம், ஒரு கையில் கால்களும் பெடலும். பாஸ்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் தலையசைத்துவிட்டு வெளியே போனாள்.

அதற்கப்புறம் பத்தொன்பது வருடம் வெர்லீன் டாலிவர் கிலேயாத் சபையில் நான்காவது வரிசை ஓரத்தில் நின்று வாசித்தாள். டெல்ஃபியா அம்மாவின் அடக்க ஆராதனையில் அவள்தான் வாசித்தாள், அன்று மெதுவாக. மழையோ பனியோ, கால்வலியோ, ஒவ்வொரு ஞாயிறும் அந்த டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் தூக்கிக்கொண்டு போனாள். ஓர் இரவுகூட அது சபையில் இருந்ததில்லை.